வாராக்கடன், ஜாமீன் கையெழுத்து, படிவத்தில் எழுதிய "இல்லை": பாதுகாப்பு அனுமதி இனிக் கிடைக்குமா?

ஃபேர்ஃபாக்ஸ்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் குடியுரிமை பெற்றேன். பாதுகாப்புத் துறைக்கு ஒப்பந்த வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர வாய்ப்பு வந்திருக்கிறது. அதற்கு, அரசின் இரகசியத் தகவல்களைக் கையாள விடும் "சீக்ரெட்" நிலைப் பாதுகாப்பு அனுமதி வேண்டும் என்பதால், பின்னணி விவரங்களைக் கேட்கும் எஸ்எஃப்-86 படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன். இன்னும் பத்து நாளில் புலனாய்வாளர் நேர்காணலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

சிக்கல் 26ஆம் பிரிவில் இருக்கிறது. நிதி நிலையைப் பற்றிய அந்தப் பிரிவின் எல்லாக் கேள்விகளுக்கும் "இல்லை" என்றே பதில் கொடுத்திருக்கிறேன். 2020இல் வேலை போனபோது ஒரு கிரெடிட் கார்டில் 8,400 டாலர் சேர்ந்துவிட்டது. சில மாதங்கள் கட்டினேன், பிறகு கட்ட முடியவில்லை. அடுத்த ஆண்டு வங்கி அதைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளிவிட்டதாகக் கடிதம் வந்தது. எழுதித் தள்ளிவிட்டார்கள் என்றால் தள்ளுபடி என்றே நினைத்து அதை மறந்தும்விட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 2013இல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, மச்சான் நகரக் கூட்டுறவு வங்கியில் வாங்கிய நான்கு லட்ச ரூபாய்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் சில ஆண்டுகளாகத் தவணை கட்டவில்லை என்றும், வங்கியிலிருந்து என் பெயருக்கு அறிவிப்புகள் வந்து அப்பாவின் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன என்றும் போன தீபாவளிக்குத்தான் தெரியவந்தது.

இந்தக் கடன்களால் அனுமதி கிடைக்காமல் போகுமா? படிவத்தில் எழுதியதை இப்போது மாற்ற வழி உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழங்கணக்கு

தம்பி, ஒப்பந்த நிறுவனங்களில், ஊழியர்களின் அனுமதி விஷயங்களைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வழக்கறிஞன் இல்லை. ஆகையால் இதை ஒரு பெரியவரின் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள், அவற்றை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். கடன் ஒரு கேள்வி, படிவத்தில் எழுதிய "இல்லை" இன்னொரு கேள்வி. 2017 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள தேசியப் பாதுகாப்பு மதிப்பீட்டு நெறிகள் பதின்மூன்று. ஏ முதல் எம் வரை எழுத்திட்டிருக்கும். கடன் "எஃப்" நெறியில் வரும். படிவத்தில் மறைத்தது "ஈ" நெறியில் வரும். எஃப்புக்கு மருந்துகள் பல உண்டு. வேலை இழப்பு, மருத்துவச் செலவு, மணமுறிவு, சாவு போன்று நம் கையை மீறிய காரணத்தால் கடன் வந்தது, அந்தச் சூழலிலும் பொறுப்பாக நடந்துகொண்டேன் என்று காட்டலாம். நல்லெண்ணத்தோடு திருப்பிக் கட்டத் தொடங்கிவிட்டேன் என்று ரசீதோடு காட்டலாம். நிதி ஆலோசனை பெற்றதைக் காட்டலாம். கடனே என்னுடையது இல்லை என்று ஆதாரத்தோடு மறுக்கலாம். ஈ நெறியில் உங்களுக்குப் பயன்படக்கூடிய மருந்து ஒன்றுதான்: எதிரில் உட்கார்ந்திருப்பவர் தாளை எடுத்துக் காட்டும் முன்பு, தாமதிக்காமல், நீங்களாகவே திருத்த முயன்றிருக்க வேண்டும். அதற்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

"எழுதித் தள்ளுவது" பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் தள்ளுபடி என்றால் கடன் ஒழிந்தது என்று பொருள். 2021இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியானபோது விவசாயி மறுபடி ஒரு பைசாவும் கட்ட வேண்டியிருக்கவில்லை. இங்கே வங்கி செய்வது தன் பேரேட்டில் "இது வராது" என்று குறித்துக்கொள்வது மட்டுமே. நீங்கள் கொடுக்க வேண்டியது அப்படியே நிற்கிறது. பெரும்பாலும் அதை ஒரு வசூல் நிறுவனத்துக்குச் சொற்ப விலைக்கு விற்றிருப்பார்கள். கடந்த ஏழு ஆண்டுகளுக்குள் எந்தக் கணக்காவது இப்படி எழுதித் தள்ளப்பட்டதா என்று படிவம் நேரடியாகவே கேட்கிறது. ஏதேனும் கடனில் 120 நாளுக்கு மேல் தவணை தவறியதா என்றும் கேட்கிறது. குறைந்தபட்சத் தொகை எதுவும் அதில் சொல்லப்படவில்லை.

ஜாமீனையும் தப்பவிடாதீர்கள். நீங்கள் மட்டும் கடனாளியாக இருந்தவற்றோடு, உடன் கையெழுத்திட்டவை, பொறுப்பேற்றவை ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே அச்சிட்டிருக்கிறது. அமெரிக்கக் கடன் மட்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

மறுசொல்

எனக்கு இந்த ஏற்பாட்டின் மீதே மரியாதை இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலை போன ஒருவர் எட்டாயிரம் டாலர் கடன் பட்டார் என்பதற்காக அவர் நாட்டின் இரகசியத்தை விற்றுவிடுவார் என்று எப்படி முடிவு கட்டுகிறார்கள்? மருத்துவமனைக்கு ஒரு முறை போய்வந்தாலே கடனாளியாகிவிடும் நாட்டில், கடனை ஒழுக்கக் குறைவாகப் பார்ப்பது ஏழைக்கு ஒரு நீதி, பணக்காரனுக்கு ஒரு நீதி என்பதாகத்தான் முடியும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அப்பா கடனை அடைத்துவிடுவார். அவன் படிவத்தில் நேர்மையாகவே "இல்லை" என்று எழுதுவான்.

பழங்கணக்கு

உங்கள் கடைசி வரியை நான் மறுக்க மாட்டேன், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த அச்சம் வெறும் கற்பனையில் பிறந்ததில்லை. அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு முகமையான சிஐஏவில் இருந்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985 ஏப்ரலில் சோவியத் தூதரகத்துக்குத் தானாகவே நடந்து போய் விற்பனையைத் தொடங்கினார். மணமுறிவும் கடனும் கழுத்தை நெரித்த நேரம் அது. முதலில் வாங்கியது 50,000 டாலர். ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தவர் 1994 பிப்ரவரியில் கைதாகும் வரை நிறுத்தவில்லை. அவர் காட்டிக்கொடுத்ததால் குறைந்தது பத்துப் பேர் உயிரிழந்தார்கள்.

இதில் உங்களுக்குச் சாதகமான பகுதியும் உண்டு. அதே மனிதர் ஆர்லிங்டனில் 540,000 டாலருக்கு ரொக்கமாக வீடு வாங்கி, ஜாகுவார் காரில் அலுவலகம் வந்தபோதும் நெடுநாள் யாரும் கணக்குக் கேட்கவில்லை. கடனை மட்டும் பார்த்து, திடீர்ச் செல்வத்தைப் பாராமல் விட்ட குறை அது. இன்றைய எஃப் நெறியில் விளக்க முடியாத செல்வமும் ஒரு குற்றச்சாட்டாக இருக்கிறது. உச்ச இரகசிய அனுமதி வைத்திருப்பவர், பத்தாயிரம் டாலரோ அதற்கு மேலோ எதிர்பாராமல் கைக்கு வந்தால், அது ஊரில் பாட்டி விட்டுச் சென்ற நிலத்தின் பங்காக இருந்தாலும், தெரிவிக்க வேண்டும்.

மேலும், கடன்பட்டவர் எல்லாரும் விலைபோவார் என்று நெறி சொல்லவில்லை. வருமானத்துக்குள் வாழ இயலாமை தன்னடக்கக் குறைவையோ, விதியை மதிக்காத போக்கையோ காட்டக்கூடும் என்பது அதன் வாதம். அந்த வாதத்தோடு சண்டை போடலாம். தம்பிக்கு இருக்கும் பத்து நாளில் போட வேண்டிய சண்டை அதுவன்று.

ஹண்ட்ஸ்வில் அக்கா

என் கதையைச் சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன். என் கணவர் இரண்டு ஆண்டுகள் நோயில் படுத்திருந்தார். மருத்துவமனைப் பில்களும் கார்டுகளுமாகச் சேர்ந்து 31,000 டாலர் ஆகிவிட்டது. படிவத்தில் எனக்குத் தெரிந்தவற்றை எல்லாம் எழுதினேன், சில விடுபட்டும் போயின. ஓராண்டு கழித்துத் தபாலில் "காரண அறிக்கை" வந்தது. எந்தெந்தக் காரணத்தால் உங்களுக்கு அனுமதி கொடுப்பது நாட்டின் நலனுக்கு உகந்தது என்று எங்களால் சொல்ல முடியவில்லை என்று எண்ணிட்டு எழுதியிருப்பார்கள். என்னுடையதில் பதினொரு கடன்கள். பதில் கொடுக்க இருபது நாள் தவணை. ஒவ்வொன்றுக்கும் ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று எழுதி, நீதிபதி முன் விசாரணை வேண்டுமா, காகிதங்களை மட்டும் பார்த்து முடிவு செய்தால் போதுமா என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் விசாரணை கேட்டேன். காகிதத்தில் என் முகம் தெரியாது என்று தோன்றியது.

பதினொன்றை வரிசையாக மேசையில் பரப்பிப் பார்த்தபோது, நான்காவதும் ஒன்பதாவதும் ஒரே கடன் என்று தெரிந்தது. மருத்துவமனை ஒரு வசூல் நிறுவனத்துக்கு விற்க, அது இன்னொன்றுக்கு விற்க, தொகை கொஞ்சம் ஏறி, கணக்கு எண் மாறி, இரண்டு கடனாக நின்றது. இதைக் கண்டுபிடிக்க மூன்று கிரெடிட் ரிப்போர்ட்டுகளையும் அச்செடுத்து, பேனாவால் கோடு போட்டு இணைக்க வேண்டியிருந்தது. ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் பதிவு நிறுவனங்களும் ஒரே மாதிரி சொல்லுவதில்லை. தம்பி, நீங்களும் மூன்றையும் எடுங்கள், இலவசம்தான்.

விசாரணையில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் பெரிய கடன்களைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. நோய், பில், தவணைத் திட்டம், ரசீது என்று எல்லாம் கோப்பில் இருந்தன. அவர் நின்றது 87 டாலர் கடன் ஒன்றில். கேபிள் இணைப்பைத் துண்டித்தபோது திருப்பிக் கொடுக்காத ஒரு பெட்டிக்கான தொகை அது. "முப்பதாயிரம் கட்ட முடியாதது புரிகிறது, எண்பத்தேழை ஏன் நான்கு ஆண்டு கட்டவில்லை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கோபத்தில் கட்டவில்லை என்பதுதான் நிஜம், அப்படியே சொன்னேன். நீதிபதி எதையோ எழுதிக்கொண்டார். பிறகு என் மாதச் செலவுப் பட்டியலைக் கேட்டார். மளிகை, வாடகை, பையனின் பேருந்துக் கட்டணம் வரை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாள்தான் என்னைக் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன். சில மாதங்களில் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

விடுபட்டவற்றுக்காக என் மீது "ஈ" குற்றச்சாட்டு வரவில்லை. எட்டுக் கடனைத் தானாகச் சொன்னவள் இரண்டை மறைக்க நினைத்திருக்க மாட்டாள் என்று எடுத்துக்கொண்டார்கள் போலும். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்பது வேறு மாதிரி.

ஃபேர்ஃபாக்ஸ்வாசி

பழங்கணக்கு ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. மூன்று சந்தேகங்கள். ஏற்கெனவே அனுமதி வைத்திருக்கும் ஒரு நண்பர், "ஊர்க்கடன் இங்கே எந்த ரிப்போர்ட்டிலும் வராது, அதைப் பற்றி வாயைத் திறக்காதே" என்கிறார். கார்டு கடனையும் அவர்களே கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், நாமாகப் போய்ச் சொன்னால் பொய்யை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்கிறார். மூன்றாவது, தள்ளுபடி என்ற சொல்லால் குழம்பிவிட்டேன் என்ற விளக்கம் எடுபடுமா?

பழங்கணக்கு

உங்கள் நண்பர் உங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னபடி நடந்தால் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். தவறான ஆலோசனையைக் கேட்டுச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்ற வாதத்துக்கு நெறியில் இடம் உண்டு. ஆனால் அந்த ஆலோசனை வழக்கறிஞரிடமிருந்தோ, இந்த நடைமுறையைப் பற்றி வழிகாட்டும் பொறுப்பில் உள்ளவரிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர் சொன்னார் என்பது அந்தக் கணக்கில் சேராது. நேர்காணலில் அந்தக் கடனைக் கேட்டு நீங்கள் "இல்லை" என்றால், படிவத்தில் ஒன்று, நேரில் ஒன்று எனப் பொய் சொன்னதாக இரண்டு குற்றச்சாட்டுகள் ஆகிவிடும். படிவத்தில் கையெழுத்துக்கு மேல் அச்சிட்டிருப்பதையும் படித்திருப்பீர்கள்: அமெரிக்கச் சட்டத்தின் 18ஆம் தொகுப்பின் 1001ஆம் பிரிவின்படி, தெரிந்தே பொய் சொன்னால் அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் உண்டு. உங்களுடையதைப் போன்ற விஷயத்துக்கு யாரையும் சிறைக்கு அனுப்பி நான் பார்த்ததில்லை. ஆனால் வேலை போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த கடற்படை எதிர் ஈகன் வழக்கு. வாஷிங்டன் மாநிலத்தின் பிரமர்ட்டன் நகரில் டிரைடண்ட் நீர்மூழ்கிகளைச் செப்பனிடும் தளத்தில் வேலை பார்த்தவர் ஈகன். பழைய குற்றத் தண்டனைகளும், குண்டு நிரப்பிய துப்பாக்கி வைத்திருந்ததற்கான இரண்டு பழைய தண்டனைகளை வேலை விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டதும் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டதற்குக் காரணங்களாகக் காட்டப்பட்டன. பாதுகாப்பு அனுமதி யாருக்கும் உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான். ஐயம் ஏற்பட்டால் அதன் பலன் விண்ணப்பதாரருக்குப் போகாது, நாட்டுக்குப் போகும். குற்ற வழக்கில் நாம் பழகிய முறைக்கு இது நேர் எதிரானது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. படிவத்தில் ஒன்று விடுபட்டது என்பதாலேயே அது பொய் ஆகிவிடாது, வேண்டுமென்றே விட்டீர்களா என்பதுதான் கேள்வி. விடுபட்டதை மட்டும் காட்டி உள்நோக்கத்தை நிறுவ முடியாது என்று டோஹாவின் மேல்முறையீட்டுக் குழு பலமுறை சொல்லியிருக்கிறது. டோஹா என்பது பாதுகாப்புத் துறையின் விசாரணை மேல்முறையீட்டு அலுவலகம், கத்தார் நாட்டுத் தலைநகர் இல்லை. இந்தக் குழப்பத்தில் ஒருவர் என்னிடம் விமானச் செலவு யார் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். அதன் தீர்ப்புகள் பெயர்களை நீக்கி இணையத்தில் கிடைக்கின்றன, படித்துப் பாருங்கள். உங்கள் படிப்பு, அனுபவம், மற்றக் கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொன்னீர்கள் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் நீதிபதி முடிவுக்கு வருவார். எனவே தள்ளுபடி விளக்கம் எடுபடலாம்.

ஆனால் தம்பி, அது நடந்தது என்றால் மட்டும் சொல்லுங்கள். பதினெட்டு ஆண்டு இந்த நாட்டில் வாழ்ந்தவர், கார்டு பில் கட்டத் தெரிந்தவர், வசூல் நிறுவனத்திலிருந்து ஒரு அழைப்புகூட வராமல் இருந்திருக்குமா என்று முதலில் கேட்பார்கள். நான் பார்த்தவரை, படிவத்தில் எழுதிய பொய்யைவிட அந்தப் பொய்க்குக் கொடுத்த விளக்கத்தில் வீழ்ந்தவர்களே அதிகம்.

கொரட்டூர்க்காரன்

நான் சென்னையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தின் தலையிலேயே, பொய்த் தகவல் தருவதும் உண்மையை மறைப்பதும் தகுதியிழப்பாகும் என்று எச்சரிக்கை இருக்கும். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைப் பற்றி விரிவாகவே சொல்லியிருக்கிறது. கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். ஆனால் சிறு வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால், வேலை கொடுப்பவர் தம் விருப்புரிமையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது தீர்ப்பு. சொல்லியிருந்தாலும் வேலை கிடைத்திருக்கும் விஷயத்தை மறைத்ததற்கு அந்தத் தீர்ப்பில் கொஞ்சம் இரக்கம் உண்டு. அமெரிக்க நெறிப்படி பார்த்தால், சொல்லியிருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காத கடனை மறைத்ததே பெரிய விஷயமாகிறது. படிக்கும்போது இந்த வேறுபாடு கண்ணில் பட்டது.

வரிக்கணக்கர்

நான் வரிக் கணக்கு எழுதுபவன், அந்தப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். இழையைத் தொடங்கியவர் வரிப் படிவங்களை ஆண்டுதோறும் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறாரா என்பதை உடனே பார்த்துக்கொள்ள வேண்டும். 26ஆம் பிரிவில் அதற்கும் கேள்வி இருக்கிறது. அரசுக்குப் பணம் பாக்கி இல்லாவிட்டாலும், திருப்பித் தர வேண்டிய தொகையே இருந்தாலும், படிவம் கொடுக்காமல் விட்டதே குற்றச்சாட்டாக வரும். கார்டு கடனை மன்னிப்பவர்கள்கூட வரியை மன்னிப்பதில்லை.

ஊரில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள், எல்லாக் கணக்குகளின் உச்ச இருப்பும் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது பத்தாயிரம் டாலரைத் தாண்டியிருந்தால், வெளிநாட்டுக் கணக்குகளைத் தெரிவிக்கும் எஃப்பார் அறிக்கை கொடுத்திருக்க வேண்டும். என்ஆர்இ, என்ஆர்ஓ, அம்மாவோடு கூட்டாக வைத்திருக்கும் சேமிப்புக் கணக்கு எல்லாம் இதில் சேரும். நம்மவர்கள் இடறும் இடம் இதுவாகவே இருக்கிறது.

இன்னொரு பொறி. வசூல் நிறுவனத்தோடு பேரம் பேசி 8,400க்கு 4,000 கட்டி முடித்தால், விட்டுக்கொடுத்த 4,400 டாலரை அடுத்த ஆண்டு 1099-சி படிவத்தில் உங்கள் வருமானமாகக் காட்டுவார்கள். 600 டாலரோ அதற்கு மேலோ மன்னித்தால் அந்தப் படிவம் அனுப்புவது அவர்கள் கடமை. கடனை அடைத்த மகிழ்ச்சியில் இதை வரியில் சேர்க்காமல் விட்டால், கடன் போய் வரிப் பாக்கி வந்து நிற்கும். கடன் மன்னிக்கப்பட்டதற்குச் சற்று முன்பு சொத்தைவிடக் கடன் அதிகமாக இருந்தது என்று காட்ட முடிந்தால் 982ஆம் படிவம் வழியாக விலக்குக் கேட்கலாம்.

ஏழு ஆண்டு கழித்து ரிப்போர்ட்டிலிருந்து தானாக உதிர்ந்துவிடும், காலவரம்பு தாண்டினால் வழக்குப் போட முடியாது என்று காத்திருக்க வேண்டாம். அவை ரிப்போர்ட்டுக்கும் வழக்குக்கும் உள்ள விதிகள். அனுமதி விசாரணையில் அதை நல்லெண்ண முயற்சியாக ஏற்றுக்கொள்வதில்லை. சட்டப்படி திவால் மனு கொடுப்பது வேறு, அது ஒரு தீர்வாகக் கருதப்படலாம்.

சீட்டுக்காரி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். சென்னையில் ஒரு சீட்டு கட்டி வருகிறேன், தவணை தவறியதில்லை. அதையும் சொல்ல வேண்டுமா?

பழங்கணக்கு

தவணை தவறாவிட்டால் 26இல் வராது, அம்மா. வெளிநாட்டு நிதி நலன்களைக் கேட்கும் 20ஏ பிரிவில் எழுதிவிடுங்கள். சீட்டு என்றால் என்ன என்று இரண்டு வரியில் விளக்கமும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஃபேர்ஃபாக்ஸ்வாசி

இரண்டு நாளாக இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் இடுகையில் நான் எழுதியது முழு உண்மை இல்லை. தள்ளுபடி என்று நினைத்தேன் என்பது 2021இல் அந்தக் கடிதம் வந்தபோது சில வாரங்களுக்கு உண்மையாக இருந்தது. அதன் பிறகு வசூல் நிறுவனத்திலிருந்து அழைப்புகள் வந்தன. அந்த எண்ணைத் தடுத்து வைத்தேன். படிவம் நிரப்பிய இரவு, அந்தக் கேள்வியில் இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "ஆம்" என்று அழுத்தினால் கீழே இன்னும் பத்துப் பெட்டிகள் திறந்தன: கடன் கொடுத்தவர் பெயர், கணக்கு எண், தேதி, தொகை, காரணம், என்ன செய்தீர்கள். கடைசிப் பெட்டியில் எழுத ஒன்றுமில்லை. இடைக்கால அனுமதி கிடைக்காவிட்டால் வேலையில் சேரும் தேதி தள்ளிப்போகும் என்று நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். மறுபடியும் "இல்லை" என்று மாற்றினேன், பெட்டிகள் மறைந்துவிட்டன.

ஜாமீன் விஷயம் அப்படியில்லை. அது நினைவுக்கே வரவில்லை. ஆனால் இதை இப்போது யார் நம்புவார்கள்?

மறுசொல்

ஏற்பாட்டைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் இதை இங்கே முகம் தெரியாத எங்களிடம் எழுத முடிந்தவர் அவர்களிடமும் சொல்லலாம். ஒரு வழக்கறிஞரை ஒரு மணி நேரமாவது பார்த்துவிட்டுப் போங்கள்.

பழங்கணக்கு

வழக்கறிஞரைப் பார்ப்பதை நானும் வழிமொழிகிறேன். இரண்டும் இரண்டு விதமாக நடந்தன என்றால் இரண்டு விதமாகவே சொல்லுங்கள். ஒன்றை மறைத்தேன், இன்னொன்றை மறந்தேன். ஒன்றை ஒப்புக்கொள்பவரின் மறதியை நம்புவது அவர்களுக்கும் எளிது. உறுதி எதுவும் தர முடியாது. மறுத்துவிட்டால் முடிவு வந்த நாளிலிருந்து ஓராண்டு கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்க முடியும். நடுவில் மேல்முறையீடு செய்தாலும் அங்கே புதிய ஆதாரம் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே இருக்கும் காகிதங்களை எல்லாம் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலருக்கும் இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், தேதியோடு பதிவில் நிற்கும்.

ஃபேர்ஃபாக்ஸ்வாசி

நேர்காணல் நேற்று முடிந்தது. வழக்கறிஞர் சொன்னபடி, பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு வாரம் முன்பே எழுதிவிட்டேன். புலனாய்வாளர் நடுத்தர வயதுப் பெண்மணி. அடையாள அட்டையைக் காட்டி, உறுதிமொழி வாங்கியதும், "தொடங்கும் முன் ஒன்று சொல்ல வேண்டும், 26ஆம் பிரிவில் நான் கொடுத்த பதில்கள் தவறு" என்றேன். அவர் வியப்பு எதையும் காட்டவில்லை. "அந்தப் பிரிவுக்கு வரும்போது பேசுவோம்" என்று சொல்லிவிட்டு முதல் பக்கத்திலிருந்தே தொடங்கினார். அந்த ஒன்றரை மணி நேரம்தான் கடினமாக இருந்தது.

பிரிவு வந்ததும் எல்லாவற்றையும் கையால் எழுதிக்கொண்டார். ஏன் "இல்லை" என்றீர்கள் என்று மூன்று முறை, வேறு வேறு விதமாகக் கேட்டார். இருபது நிமிடம் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அதன் பிறகு கோப்பிலிருந்து என் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்து வைத்தார். கார்டு கடன் அதில் இருந்தது. நான் அடியோடு மறந்துவிட்ட 140 டாலர் ஆய்வகக் கட்டணம் ஒன்றும் இருந்தது. அக்காவின் 87 டாலர் நினைவுக்கு வந்தது. அன்று மாலையே அதைக் கட்டிவிட்டேன். கார்டு கடனுக்கு மாதம் 350 டாலர் என்று எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு, முதல் தவணை ரசீதையும் கொடுத்திருக்கிறேன்.

ஜாமீன்தான் அவருக்குப் புதிது. மச்சான் என்றால் யார், அவருக்காக ஏன் கையெழுத்திட்டீர்கள், மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். மறுத்திருந்தால் என் சொந்த அக்கா வீட்டுக்கு அதன் பிறகு போக முடிந்திருக்காது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். முடிவு செய்வது தன் வேலை இல்லை, அறிக்கை எழுதுவது மட்டுமே என்று கிளம்பும்போது சொன்னார்.

இப்போது ஒரு உதவி வேண்டும். கூட்டுறவு வங்கியின் நிலுவைக் கடிதத்தை அப்பா ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார், முழுவதும் தமிழில் இருக்கிறது. ஐந்து வேலை நாளுக்குள் ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். நானே மொழிபெயர்த்தால் ஏற்பார்களா?

ஹண்ட்ஸ்வில் அக்கா

நீங்களே செய்ய வேண்டாம். உங்களுக்கு வேண்டிய சொல்லைப் போட்டுக்கொண்டீர்கள் என்ற பேச்சு எதற்கு? நான் செய்து, இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். குடியுரிமைக் காகிதங்களுக்காகப் பலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

தனிச்செய்தியில் நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கடன் எண்ணும் அசலும் தெளிவாக இருக்கின்றன. முத்திரை விழுந்த இடத்தில் வட்டித் தொகை படிக்க முடியவில்லை, அப்பாவிடம் சொல்லி அந்த மூலையை மட்டும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அடியில் சின்ன எழுத்தில் "பின்புறம் பார்க்க" என்று இருக்கிறது. பின்புறத்தையும் அனுப்புங்கள்.